நடக்காத கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு

ஜூன் 3

அன்புள்ள அண்ணா,

மூன்று மாதமாக நீ பேசவில்லை, நானும் பேசவில்லை. யார் முதலில் இறங்கி வருவது என்று இருவருமே பிடிவாதமாக இருந்துவிட்டோம். சரி, நானே வருகிறேன். சின்ன வயதிலிருந்து அப்படித்தானே நடக்கிறது.

நான் பல்கலைக்கழகப் பதிவாளராகப் பொறுப்பேற்கப் போகிறேன் என்றதும் நீ போனில் சொன்னது ஒரே வரி: "அந்த நாற்காலியில உக்காராதே." ஏன் என்றால், "சொன்னா கேளு" என்றாய். நீ ஒன்றரை வருஷம் உட்கார்ந்துவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் எழுந்துபோன இடம். அதில் தங்கை உட்காருவது உனக்குப் பொறுக்கவில்லை என்று நினைத்து வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டேன். இன்று அதே நாற்காலியில், கதவை உள்ளே தாழ்போட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். செவிலியர் படிப்பின் முதல் வகுப்பு இந்த வருஷம் வெளியே போகிறது. இருநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள். ஆகஸ்ட் இருபதாம் தேதி பட்டமளிப்பு. அதற்குமுன் செவிலியர் மன்றத்துக்கு ஒரு நகல் அனுப்ப வேண்டும்: அந்தப் படிப்பைத் தொடங்கலாம் என்று கல்விக் குழு ஒப்புதல் கொடுத்த கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு. பேராசிரியர்கள் கூடிச் சரி என்று சொல்லாமல் இங்கே ஒரு துறையும் திறக்கக்கூடாது என்று பல்கலைக்கழகச் சட்டத்தில் எழுதி வைத்ததே நீதான். முதல் வருஷம், நவம்பர் பன்னிரண்டு. பதிவேட்டில் இருக்கிறது. உன் கையெழுத்தும் இருக்கிறது.

அந்தத் தீர்மானத்தை முன்மொழிந்தவர் கணிதப் பேராசிரியர் என்று எழுதியிருக்கிறது. அண்ணா, அவர் நவம்பர் மூன்றாம் தேதி இறந்துபோனார். நாம் இருவரும் ஒரே காரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம்.

இறந்து ஒன்பது நாள் ஆன மனிதர் எப்படி எழுந்து வந்து முன்மொழிந்தார்? பிரிவு அலுவலரிடம், "இந்தக் கூட்டத்துல நீங்க இருந்தீங்களா?" என்று கேட்டேன். பதிவேட்டை மெதுவாக மூடி என் பக்கம் தள்ளினார். "எனக்கு இன்னும் ஆறு வருஷம் சர்வீஸ் இருக்கும்மா" என்றார். அவ்வளவுதான்.

போனில் கேட்டிருப்பேன். ஆனால் என் கைப்பேசி பல்கலைக்கழகம் வாங்கிக் கொடுத்தது. பதில் எழுது. வீட்டு முகவரிக்கு.

உன் தங்கை


ஜூன் 11

தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது.

நீ கேட்கும் கூட்டம் பற்றி எனக்கு எதுவும் நினைவில்லை. அந்த வருஷம் எத்தனையோ கூட்டம். பெயர்ப் பட்டியலில் பிழை விழுந்திருக்கலாம். பதிவேட்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிடு. வேறு யாரிடமும் அதைப் பற்றிக் கேட்காதே. பிரிவு அலுவலரிடம் கேட்டதே தப்பு.

உடம்பு சரியில்லை என்று ஒரு மருத்துவச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு பழையபடி சட்டத் துறைக்கே போய்விடு. பாடம் நடத்து. உனக்கு அது நன்றாக வரும்.

இங்கே நாங்கள் சௌக்கியம். பள்ளிக்கூட அலுவலகத்தில் மாற்றுச் சான்றிதழ் எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். என் பெண் பத்தாம் வகுப்பு. அண்ணி விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

ஒன்று கேட்க வேண்டும். உன் உறையின் வாயில் பசை இரண்டு விதமாக இருந்தது. ஒன்று காய்ந்து மஞ்சளாக, இன்னொன்று புதிதாக. நீ இரண்டு தடவை ஒட்டினாயா?

அண்ணன்


ஜூன் 17

அண்ணா,

நான் ஒரு தடவைதான் ஒட்டினேன்.

புத்தி கெட்டுப்போய் அந்தக் கடிதத்தை அலுவலகத் தபாலோடு சேர்த்துவிட்டேன். இதை நானே தலைமைத் தபால் நிலையத்துக்கு நடந்து போய்ப் போடப்போகிறேன்.

போன வெள்ளிக்கிழமை துணைவேந்தர் என் அறைக்கு வந்தார். அவர் யார் அறைக்கும் போகிறவர் இல்லை, உனக்குத் தெரியும். எழுந்து நின்றேன். "உக்காருங்க, உக்காருங்க" என்று அவ்வளவு மரியாதை. ஜன்னல் திரையைத் தொட்டுப் பார்த்தார். புதுத் திரை போடச் சொல்லட்டுமா என்றார். போகும்போது கதவுக்குப் பக்கத்தில் நின்று, "அண்ணன் சௌக்கியமா இருக்காரா? கடிதமெல்லாம் போட்டுப்பீங்களா? நல்ல பழக்கம். இந்தக் காலத்துல யாரு கடிதம் எழுதறாங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

மேசையில் ஒரு கோப்பு வைத்துவிட்டுப் போயிருந்தார். செவிலியர் தேர்வுக் குழு மே மாதம் இருபத்தெட்டாம் தேதி கூடி, எல்லாருடைய செய்முறைப் பயிற்சியையும் சரிபார்த்து, பட்டத்துக்குப் பரிந்துரைத்தது என்று குறிப்பு. அந்தக் குழுவுக்கு நான்தான் செயலர். மே இருபத்தெட்டாம் தேதி அப்படி ஒரு கூட்டம் நடக்கவே இல்லை. என் பெயருக்கு மேலே கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள்.

செவிலியர் துறைக்குப் போய்ப் பார்த்தேன். துறைத் தலைவியும் என்னோடு வந்தார். முந்நூறு படுக்கை மருத்துவமனையில் மூன்று வருஷம் பயிற்சி என்று காகிதத்தில் இருக்கிறது. அங்கே இருப்பது இருபது கட்டில், மூன்று ரப்பர் பொம்மை. ஒரு பொம்மையின் கையில் ஊசி குத்திக் குத்தி ரப்பர் பிய்ந்து உள்ளே கம்பி தெரிகிறது. ஒரு பெண் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "மேடம், நிஜ ஆளுக்கு நரம்பு இந்த இடத்துலதான் இருக்குமா? எங்கள்ல யாருமே இன்னும் நிஜ ஆளைத் தொட்டதில்ல." பட்டம் கைக்கு வந்ததும் இவளை ஏதாவது ஒரு ஊரில் ஒரு வார்டில் நிறுத்திவிடுவார்கள்.

"எனக்கு எதுவும் நினைவில்லை." இது உன் வாக்கியம் இல்லை அண்ணா. பதினைந்து வருஷத்துக்கு முந்தைய சினிமா டிக்கெட்டின் இருக்கை எண் வரை சொல்கிற ஆள் நீ. என்ன நடந்தது?

உன் தங்கை


ஜூன் 29

வாயாடிக்கு,

இதை நான்கு தடவை எழுதிக் கிழித்தேன்.

கூட்டம் நடக்கவில்லை. ஆட்சிக் குழுவில் ஒன்பது பேரில் ஆறு பேர் வேந்தர் வீட்டு ஆட்கள், அது உனக்கே தெரியும். அவர் நிலம் கொடுத்தார், கட்டடம் கட்டினார், தன்னையே வேந்தராக்கிக்கொண்டார். ஆட்சிக் குழு கூடினால் அது கூட்டமா குடும்பச் சந்திப்பா என்று எனக்கே சந்தேகம் வரும். அதனால்தான் படிப்பு விஷயத்தில் கல்விக் குழுவின் சம்மதம் வேண்டும் என்று சட்டத்தில் ஒரு பூட்டுப் போட்டேன். அந்தப் பூட்டைத் திறக்க என்னையே கூப்பிட்டார்கள்.

மத்தியானம் மூன்று மணி. துணைவேந்தர் அறையில் வேந்தர் உட்கார்ந்திருந்தார். தேநீர் வந்தது. குறிப்பு ஏற்கெனவே தட்டச்சாகித் தயாராக இருந்தது. மருத்துவமனை இல்லாமல் பேராசிரியர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றேன். வேந்தர் கோபப்படவே இல்லை. சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே கேட்டார்: "உங்க பொண்ணு மூணாம் நம்பர் பஸ்லதானே ஸ்கூலுக்குப் போகுது? அந்த டிரைவர் கொஞ்சம் வேகம். நான் கூடச் சொல்லியிருக்கேன், பார்த்து ஓட்டுப்பான்னு."

வேறு ஒன்றும் சொல்லவில்லை. இதை வைத்து எந்தக் காவல் நிலையத்தில் என்ன சொல்வாய்? பெண் அப்போது ஆறாம் வகுப்பு. நான் கையெழுத்துப் போட்டேன்.

கணிதப் பேராசிரியர் பெயரை வேண்டுமென்றே விட்டு வைத்தேன், பின்னால் யாராவது கண்டுபிடிக்கட்டும் என்று, அப்படி எழுத ஆசையாக இருக்கிறது. பொய். அந்தப் பட்டியலை நான் படிக்கவே இல்லை. கையெழுத்துக்கு எங்கே இடம் என்று மட்டும் பார்த்தேன்.

அதற்குப்பிறகு மூன்றாம் நம்பர் பஸ் வரும் நேரத்தில் தினமும் அலுவலக வாசலில் போய் நிற்பேன். பஸ் போன பிறகுதான் மூச்சு வரும். ஒரு வருஷத்துக்கு மேல் அப்படி நின்றேன். பிறகு குடும்பத்தோடு இங்கே வந்துவிட்டேன். உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் ஒரே வரியில் சொன்னேன்.

கையெழுத்துப் போடாதே. எதிர்த்தும் நிற்காதே. விலகிவிடு.

அண்ணன்


ஜூலை 8

அண்ணா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். பிறகு ஆத்திரம் வந்தது. வேந்தர் மேல்தான். கொஞ்சம் உன் மேலும்.

நான் விலகப் போவதில்லை. விலகினால் அடுத்த ஆள் வந்து கையெழுத்துப் போடுவார், பட்டமளிப்பு நடக்கும். நீ எழுதிய சட்டத்திலேயே பத்தொன்பதாம் பிரிவைப் படித்துப் பார்: கல்விக் குழு உறுப்பினர் பத்துப் பேர் எழுத்து மூலம் கேட்டால், பதிவாளர் பதினைந்து நாளுக்குள் கூட்டத்தைக் கூட்டியே ஆகவேண்டும். துணைவேந்தர் அனுமதி தேவையில்லை. நாலு வருஷத்தில் யாரும் கேட்டதில்லை.

வீடு வீடாகப் போனேன். இயற்பியல் பேராசிரியர் கதவைப் பாதிதான் திறந்தார். அந்த இடுக்கு வழியாகவே காகிதத்தை வாங்கி, அந்த இடுக்கு வழியாகவே கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஒருவர் பேனாவை எடுத்துவிட்டு மனைவி முகத்தைப் பார்த்தார், மூடி வைத்துவிட்டார். இதுவரை ஏழு.

திங்கட்கிழமையிலிருந்து எங்கள் தெருவில் சாம்பல் நிறக் கார் ஒன்று நிற்கிறது. உள்ளே இருக்கும் ஆள் செய்தித்தாள் படிக்கிறான், பக்கமே திருப்புவதில்லை. நேற்றுப் பக்கத்து வீட்டு அம்மாளிடம் என் பெண் எத்தனாம் வகுப்பு, எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவாள் என்று விசாரித்திருக்கிறான். "உங்க சொந்தக்காரர்னு நினைச்சேன்மா, சிரிச்ச முகமா இருந்தார்" என்று அந்த அம்மாள் சொன்னார். இன்று காலை குட்டியை மாமியார் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். குட்டியின் அப்பா கப்பல் வேலையில் இருக்கிறார், திரும்ப இரண்டு மாதமாகும். வீட்டில் நான் மட்டும். குழாயில் தண்ணீர் சொட்டினால்கூடத் திரும்பிப் பார்க்கிறேன்.

எனக்கு உன்னிடம் ஒரு காகிதம் வேண்டும். நவம்பர் பன்னிரண்டாம் தேதிக் கூட்டம் நடக்கவில்லை என்று நீ எழுதிக் கையெழுத்திட்டது. அது இல்லாவிட்டால், பெயர்ப் பட்டியலில் ஒரு பிழை, அவ்வளவுதான் என்று முடித்துவிடுவார்கள். நீயே அப்படித்தானே எழுதினாய்.

உன் தங்கை


ஜூலை 15

தங்கைக்கு,

முடியாது.

நீ கேட்பது காகிதம் இல்லை. பொய் ஆவணத்தில் கையெழுத்துப் போட்டேன் என்று நானே எழுதிக் கொடுத்தால் அது எந்தக் குற்றம், எத்தனை வருஷம் என்று சட்டம் படித்த உனக்கு நான் சொல்ல வேண்டுமா? என் பெண் பொதுத்தேர்வு எழுதும் வருஷத்தில் அவள் அப்பன் எங்கே இருப்பான்?

அண்ணியிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். அவள் ஒன்றுமே பேசவில்லை. போய் வாசல் கதவைப் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். பட்டப்பகலில்.

நீ தைரியசாலி என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அது வராது. சின்ன வயதில் நாய் துரத்தியபோது உன்னை முன்னால் விட்டுவிட்டு ஓடியவன் நான். நீ இன்னும் அதைச் சொல்லிச் சிரிப்பாய். எனக்குச் சிரிப்பு வராது.

கோபப்படாதே. குட்டியை அங்கேயே இருக்கச் சொல்.

அண்ணன்


ஜூலை 24

அண்ணா,

எதையும் கேட்பதற்காக இதை எழுதவில்லை.

என் அறைப் பூட்டை மாற்றிவிட்டார்கள். பழுது பார்த்தோம் என்கிறார்கள். இரண்டு மணி நேரம் தாழ்வாரத்தில் நின்ற பிறகு சாவி வந்தது. உள்ளே எல்லாம் வைத்தது வைத்தபடி. பதிவேடு மட்டும் இல்லை. அலமாரியில் அந்த இடத்தைத் துணியால் துடைத்து வைத்திருக்கிறார்கள், தூசிகூட இல்லை. நல்லவேளை, அந்தப் பக்கங்களுக்கு முன்னமே நகல் எடுத்து வெளியில் ஓரிடத்தில் வைத்திருந்தேன்.

பத்தாவது கையெழுத்து முந்தாநாள் வந்தது. செவிலியர் துறைத் தலைவி. என் வண்டி நிற்கும் இடத்தில் வந்து நின்றார். "நாலு வருஷமா அந்தப் பிள்ளைங்க முகத்தைப் பார்த்துப் பேச முடியல. குடுங்க பேப்பர" என்றார். அவர் வீட்டில் அவருடைய சம்பளம் ஒன்றுதான் வருமானம்.

ஆகஸ்ட் இரண்டாம் தேதி காலை பத்தரை மணிக்கு நூலகக் கூடத்தில் கூட்டம். அறிவிப்பை எல்லாருக்கும் அனுப்பிவிட்டேன். நேற்று என் காரின் நான்கு சக்கரத்திலும் காற்று இல்லை.

எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் குட்டியின் அப்பா வரும்வரை அவளை நீயும் அண்ணியும் பார்த்துக்கொள்ளுங்கள். அவளுக்கு இடி என்றால் பயம். பக்கத்தில் யாராவது படுத்துக்கொண்டால் போதும்.

நாய் துரத்தியபோது உனக்கு எட்டு வயது. அதை நான் இனிமேல் சொல்ல மாட்டேன்.

உன் தங்கை


ஆகஸ்ட் 4

அண்ணா,

ஊர் போய்ச் சேர்ந்தாயா? பேருந்து நிலையத்தில் உன்னை ஏற்றிவிடக்கூட முடியவில்லை.

இருபத்தெட்டுப் பேரில் பதினேழு பேர் வந்திருந்தார்கள். நான் நகலைப் படித்து முடித்ததும் துணைவேந்தர், "எழுத்துப் பிழைக்காக எல்லாரோட நேரத்தையும் வீணாக்கறீங்க" என்றார். நான்கைந்து பேர் தலையாட்டினார்கள். முடிந்தது என்றே நினைத்தேன். அப்போது பின்கதவு திறந்தது. உன் நீலச் சட்டையைத்தான் முதலில் பார்த்தேன், முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. காவலாளி உள்ளே விடவில்லை என்றும், துறைத் தலைவி தன் விருந்தினர் என்று சொல்லி அழைத்து வந்தார் என்றும் பிறகுதான் தெரிந்தது.

அந்த நவம்பர் கூட்டம் நடக்கவில்லை என்று நீ எழுதி வந்ததைப் படிக்கும்போது பாதியில் குரல் போய்விட்டது. தண்ணீர் கொடுக்கலாம் என்று எழுந்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாய். எதற்காகத் திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தாய்? கேட்க வேண்டும் என்றிருந்தேன்.

துணைவேந்தரும் ஆறு பேரும் எழுந்து போனதை நீயே பார்த்தாய். மீதிப் பத்துப் பேர். கூட்டம் செல்லுபடியாக அது போதும். மூத்த பேராசிரியர் தலைமை. தீர்மானம் இது: பட்டங்களை நிறுத்திவைக்க வேண்டும், முழு விவரத்தையும் செவிலியர் மன்றத்துக்கு அன்றே அனுப்ப வேண்டும். எட்டுப் பேர் ஆதரவு; இரண்டு பேர் கை தூக்கவுமில்லை, எழுந்து போகவுமில்லை.

உன்னைத் துறைத் தலைவியோடு பின்வாசல் வழியாக அனுப்பிவிட்டு, நான் உறைகளை எடுத்துக்கொண்டு தபால் நிலையம் போனேன். சாம்பல் நிறக் கார் என் வேகத்துக்கே பக்கத்தில் உருண்டு வந்தது. கண்ணாடியை இறக்கி, "வெயிலா இருக்கே, ஏறிக்கங்க மேடம்" என்றான். அவன் குரலை முதல் தடவையாகக் கேட்டேன். நம்ம வீட்டு ஆள் பேசுகிற மாதிரி இருந்தது. நான் நடந்தேன். ரசீதைக் கையில் வாங்கிய பிறகு தபால் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்தவள், எழுந்திருக்க அரைமணி நேரம் ஆயிற்று.

உன் தங்கை


செப்டம்பர் 9

அண்ணா,

என்னைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்த உத்தரவு வந்தது. துறைத் தலைவிக்கும். பட்டமளிப்பு நின்றுவிட்டது. மன்றத்தின் ஆட்கள் வந்து அந்த இருபது கட்டிலையும் எண்ணிவிட்டுப் போனார்கள். பிள்ளைகளை மூன்று பொது மருத்துவமனைகளுக்குப் பிரித்து அனுப்பப் போகிறார்கள். ஒரு வருஷம் பயிற்சி, பிறகு வேறொரு பல்கலைக்கழகத்தில் தேர்வு.

யாரும் எனக்கு நன்றி சொல்லவில்லை. நேற்று ஒரு தாய் வாசலில் வந்து நின்று, "என் பொண்ணோட ஒரு வருஷத்தைத் தின்னுட்டியே, நீ நல்லா இருப்பியா?" என்று தெருவே கேட்கக் கத்தினாள். உள்ளே வந்து உட்காருங்கள் என்றேன். துப்பிவிட்டுப் போனாள். அவள் பெண்தான் நரம்பு எங்கே இருக்கும் என்று கேட்டவளோ என்னவோ, தெரியாது.

குட்டியை அழைத்து வந்துவிட்டேன். கார் இப்போது வருவதில்லை. வராதது நல்லதா என்றுதான் தெரியவில்லை. உன் மேல் வழக்குப் பதிவாகிவிட்டது என்று கேள்விப்பட்டேன். எல்லாவற்றையும் சொல். மறைக்காதே.

உன் தங்கை


செப்டம்பர் 18

வாயாடிக்கு,

நீதிமன்ற அழைப்பாணை வந்துவிட்டது. அடுத்த மாதம் ஆறாம் தேதி. வேந்தர் பெயரும் துணைவேந்தர் பெயரும் அதில் இருக்கிறது, என் பெயருக்குக் கீழே. நான்தான் முதல். கையெழுத்து என்னுடையதுதானே. வழக்கறிஞர், "நீங்களே முன்வந்து சொன்னது கணக்கில் வரும், ஆனா தண்டனையே இருக்காதுன்னு என்னால சொல்ல முடியாது" என்கிறார்.

முதல் வரியிலிருந்து ஏன் ஆரம்பித்தேன் என்று கேட்டிருந்தாய். குரல் போன இடத்திலிருந்து படித்தால், அதுவரை படித்ததை யாரும் சரியாகக் கேட்டிருக்க மாட்டார்கள் என்று தோன்றியது. வேறு காரணம் இல்லை. அன்று காலை வாசலுக்கு எதிர்க்கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். திரும்பிப் போகும் பேருந்துக்கு டிக்கெட்டும் எடுத்துவிட்டேன். எப்படி எழுந்து தெருவைக் கடந்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. தைரியம் என்று மட்டும் எழுதிவிடாதே.

அண்ணி பேச ஆரம்பித்துவிட்டாள். உப்பு எங்கே, குடை எங்கே என்ற அளவுக்கு.

பெண்ணிடம் நேற்றுச் சொன்னேன். பள்ளியில் யாராவது சொல்லி அவள் கேட்பதற்குமுன் நானே சொல்லிவிட வேண்டும் என்று. சாயங்காலம், அவள் பாடப்புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், பஸ்ஸைப் பற்றியும். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்:

"எனக்காகவாப்பா போட்டீங்க?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் என் மேல் பாரம் குறைந்திருக்கும், அவள் மேல் ஏறியிருக்கும். "இல்லம்மா. எனக்குப் பயமா இருந்துச்சு. அதனால போட்டேன்" என்றேன்.

வெட்டிய அட்டையை மடித்து ஓரமாக வைத்தாள். பிறகு, "அந்த அக்காங்க அப்படியே பாஸாகி வேலைக்குப் போயிருந்தா, யாராவது செத்துப்போயிருப்பாங்களாப்பா?" என்றாள்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறாம் தேதி நீதிபதி என்ன கேட்பாரோ தெரியாது. அவருக்கு என்ன சொல்வது என்று வழக்கறிஞர் சொல்லிக் கொடுப்பார். இவளுக்கு என்ன சொல்வது என்று யாரும் சொல்லித் தர முடியாது. கடைசியில், "ஆமாம்மா, செத்திருக்கலாம்" என்றேன்.

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்தவில்லை.

அண்ணன்